லவ் மேட்டர்: எரிந்த வீடுகளும் எடுக்கப்படும் காதல் படங்களும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வட மாவட்டம் ஒன்றில் நாங்கள் மாலைநேரப் படிப்பு மையம் நடத்திவரும் காலனிக்குச் சென்னையிலிருந்து ஒரு கார் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். அந்தக் காலனியில் நடந்ததைப் படமாக எடுக்கப்போகிறார்களாம். மக்களிடம் பேசிக் குறிப்பெடுக்க வந்திருந்தார்கள்.

அங்கே நடந்தது இதுதான். சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஊர்த் தெரு வழியாகப் போகிறது. காலனிப் பிணம் அந்தத் தெருவில் வரக்கூடாது என்று தடுத்தார்கள். நம் இளைஞர்கள் தாசில்தாரிடம் மனு கொடுத்து அனுமதி வாங்கினார்கள். அடுத்து விழுந்த சாவு அந்தத் தெரு வழியாகவே போனது. மூன்றாம் நாள் இரவு பதினேழு வீடுகள் எரிந்தன. வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

வந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். திண்ணையில் உட்கார்ந்தார்கள், கொடுத்த டீயைக் குடித்தார்கள், பெரியவர்களை ‘வாங்க போங்க’ என்றே பேசினார்கள். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரை கெட்ட மனிதர்களைப் பற்றியது அல்ல.

அங்கே ஒரு ஆயா இருக்கிறார். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், கரும்புக் கொல்லையில் எத்தனை பேர் ஒளிந்தார்கள், கேஸ் சிலிண்டர் வெடித்த சத்தம் எப்படி இருந்தது, விடிந்து திரும்பி வந்தபோது சாம்பலில் எதைத் தேடினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதவி இயக்குநர் தம்பி ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

“சரிங்க ஆயா, இதுல லவ்வு ஏதாவது இருந்துச்சா? காலனிப் பையன், ஊர்ப் பொண்ணு, அந்த மாதிரி?”

“லவ்வெல்லாம் இல்ல தம்பி. பொணம் போற வழிதான்.”

“இல்லன்னாலும் பரவால்லங்க. படத்துக்கு நாங்க ஒண்ணு வெச்சுக்கறோம்.”

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என் பேத்தியோட பத்தாவது மார்க்‌ஷீட்டு எரிஞ்சிடுச்சின்னு சொன்னேனே, அத எழுதிக்கினியா?” என்றார். எழுதிக்கொண்டதாக அந்தத் தம்பி தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு நோட்டு தெரிந்தது. அவர் எழுதவில்லை.

அந்தப் படம் இதுவரை வரவில்லை. ஆனால் ‘ஒண்ணு வெச்சுக்கறோம்’ என்ற அந்த ஒரு வார்த்தை எங்களை விட்டுப் போகவும் இல்லை. உண்மையில் நடந்த கொடுமைகளைப் பின்னணியாக வைத்துக் காதல் படம் எடுக்கும் வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். இப்போதுதான் முடிந்தது.

காதலுக்கு நாம் எதிரிகள் அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். சாவு நடந்த இடத்தில் காதலைக் காட்டக்கூடாது, துக்க வீட்டில் பாட்டு எதற்கு என்ற ஒழுக்கவாதம் நம்முடையது அல்ல. சாதி ஒழிப்பு பற்றி 1936இல் எழுதியபோது அண்ணல் அம்பேத்கர், சமபந்தி போதாது, சாதி கடந்த திருமணமே உண்மையான மருந்து என்றார். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே வெட்டிக் கொல்லப்பட்ட நம் பிள்ளை செய்ததெல்லாம் காதலித்து மணந்ததுதான். இந்த நாட்டில் காதலுக்காக அதிகம் செத்தவர்கள் நாம். காதலை அற்ப விஷயம் என்று நாம் சொல்லவே முடியாது.

எரிந்த குடிசைக்குள்ளும் காதல் இருந்திருக்கும். பஞ்சத்தில் செத்தவர்களும் காதலித்தவர்கள்தான். ஒடுக்கப்பட்டவர்களை எப்போதும் அழுது வடியும் கூட்டமாகக் காட்டுவதும் ஒரு வகை அவமதிப்பே. எனவே காதல் வருவதில் சிக்கல் இல்லை. காதல் வரும்போது கொடுமைக்கான காரணம் என்ன ஆகிறது? இதுதான் எங்கள் கேள்வி.

காதல் படத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது. இருவர், அவர்களுக்கு நடுவே ஒரு தடை, பிரிவு, கடைசியில் சேர்தல் அல்லது சாதல். உண்மையில் நடந்த ஒரு படுகொலையை இந்த வடிவத்துக்குள் வைத்தால் படுகொலை அந்தத் ‘தடை’யின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூலிக்காக நடந்த போராட்டம், நிலம், பாதை, அதிகாரம் எல்லாம் இருவரைப் பிரிக்க வந்த புயல் மழை மாதிரி ஆகிவிடும். புயலுக்குக் காரணம் யாரும் கேட்பதில்லை.

பம்பாய் என்ற அச்சு

தமிழில் இந்த வகைப் படங்களுக்கு அச்சாக இருப்பது 1995இல் வந்த ‘பம்பாய்’. நெல்லைப் பக்கத்துக் கிராமம், இந்துப் பையன், முஸ்லிம் பெண், எதிர்ப்பு, பம்பாய்க்கு ஓட்டம், இரட்டைக் குழந்தைகள். பிறகு பாபர் மசூதி இடிப்பைத் தொடர்ந்து 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்த நகரத்தில் நடந்த கலவரம்.

அந்தப் படத்துக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். இந்து ஆணும் முஸ்லிம் பெண்ணும் வாழ்ந்து காட்டுவதைப் பொதுத் திரைக்குக் கொண்டுவந்தது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. அதற்காக இயக்குநரின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. இன்றைக்கு அப்படி ஒரு கதையை எழுதவே பலர் பயப்படுவார்கள்.

ஆனால் அந்தக் கலவரம் படத்தில் என்னவாக இருக்கிறது? இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல். தராசு பிடித்த மாதிரி இரண்டு பக்கமும் சமமான வெறி. நடுவில் தொலைந்துபோன இரண்டு குழந்தைகள். கடைசியில் நாயகன் கதறுகிறான், ஆயுதங்கள் விழுகின்றன, மக்கள் கைகோத்து நிற்கிறார்கள், குழந்தைகள் கிடைக்கிறார்கள். குடும்பம் சேர்ந்ததும் நமக்குக் கலவரமே முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

நடந்தது அப்படி இல்லை. ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் கொடுத்த அறிக்கைப்படி செத்தவர்கள் சுமார் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். சிவசேனையின் பங்கையும், காவல்துறை பாரபட்சமாக நடந்துகொண்டதையும் அந்த ஆணையம் பெயர் சொல்லியே எழுதியது. அன்றைய மகாராஷ்டிர அரசு அறிக்கையை ஏற்கவில்லை. படம் வந்தபோது அறிக்கை வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் யார் திட்டமிட்டார்கள், போலீஸ் எந்தப் பக்கம் நின்றது என்பது நகரத்துக்கே தெரிந்திருந்தது. படம் திரைக்கு வரும் முன்பு யாருக்குப் போட்டுக் காட்டப்பட்டது? பால் தாக்கரேவுக்கு. உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒருவர் ‘மதவெறி கெட்டது, மனிதர்கள் நல்லவர்கள்’ என்று நினைப்பார். தவறான நினைப்பு இல்லை. ஆனால் குற்றவாளி யார் என்று கேட்க மாட்டார். காதல் அந்தக் கேள்வியைக் கண்ணீரில் கரைத்துவிடுகிறது.

தேயிலைத் தோட்டமும் செங்காடும்

நம் வரலாற்றுக்கு நெருங்கி வருவோம். பாலாவின் ‘பரதேசி’ 2013இல் வந்தது. அதற்கு மூலம், பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர், தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர். கண்ணால் பார்த்ததை எழுதினார்.

நாவல் தொடங்கும்போதே கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவி. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். வீட்டில் பஞ்சம். பசிதான் அவர்களைக் கங்காணியின் முன்பணத்தில் கைநாட்டு வைக்கச் செய்கிறது. பிறகு மலை, குளிர், அட்டை, காய்ச்சல், பிரட்டுக்களம், தீராத கடன்.

படம் தொடங்குவது வேறு இடத்தில். ராசா வெள்ளந்தி, ஊருக்குத் தண்டோரா போடுகிறவன். அங்கம்மா அவனைச் சீண்டுகிறாள், காதலிக்கிறாள். கல்யாண விருந்து, கேலி, ஊடல் என்று படத்தின் முதல் பாதியில் பெரும்பங்கு இதற்கே போகிறது. பிறகு அவன் தோட்டத்துக்குப் போகிறான், அவள் வயிற்றுப் பிள்ளையோடு ஊரில் நிற்கிறாள். இரண்டாம் பாதியில் தோட்டத்தின் கொடுமைகளைப் பாலா தயங்காமல் காட்டுகிறார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில், உழைத்த கூலியைக் கடன் தின்றுவிட்ட செய்தி வரும் காட்சியை நாங்கள் மறக்கவில்லை. இன்றைக்கும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகும் நம் மக்களின் கணக்கு அதே மாதிரிதான் முடிகிறது.

ஆனாலும் பாருங்கள். பசியால் மலையேறிய ஒரு தம்பதியின் கதை, காதலியைப் பிரிந்தவனின் கதையாகிவிட்டது. படம் முழுக்க நாம் எதற்குக் காத்திருக்கிறோம்? ராசா எப்போது அங்கம்மாவிடம் திரும்புவான் என்பதற்கு. கடைசிக் காட்சியில் அவளும் பிள்ளையுமே தோட்டத்துக்கு வந்து சேர்கிறபோது நாம் அழுகிறோம். நம்மை அழவைப்பது அந்தச் சந்திப்பு. தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து ஏன் இத்தனை ஆயிரம் பேர் மலையேறினார்கள், ஊரில் அவர்களுக்கு ஏன் ஒரு குழி நிலம்கூட இல்லை என்ற கேள்வி படத்தில் எழவே இல்லை. ராசாவின் சாதியைப் பேசப் படம் விரும்பவில்லை. அவன் கையில் தண்டோராவை மட்டும் கொடுத்துவிட்டது. நாவலில் தொழிலாளர் பக்கம் நின்ற மருத்துவர் பாத்திரமோ, படத்தில் ஆடிப்பாடி மதம் மாற்ற வந்தவராகிவிட்டது. டேனியல் தன் வாழ்க்கையைக் கொடுத்து எழுதிய காரணம் அங்கே இல்லாமல் போனது.

இது சினிமா மட்டும் செய்கிற வேலையும் அல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள். காரணம் அவ்வளவுதான். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’, 1977இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அந்த நாவல் பண்ணையாரின் ஆண்மைக் குறைபாட்டைக் கதையின் மையத்தில் வைத்தது. அரைப்படி நெல் படுக்கையறைக்குப் போனது. அன்றைக்கே இடதுசாரிகள் அதைக் கண்டித்தார்கள். உயர் நீதிமன்றமோ, கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது என்று சொல்லி அவர்களை விடுதலை செய்தது. இலக்கியம் காரணத்தை மாற்றியது, நீதிமன்றம் குற்றவாளியை மாற்றியது. அந்த 44 பேருக்கும் என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்க்கலாம்.

“லவ் மேட்டரா?”

‘சினிமா தானே, இதில் என்ன இவ்வளவு’ என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறோம்.

வன்கொடுமைப் புகாரோடு நாங்கள் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறோம். பலமுறை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியுங்கள் என்று கேட்டால், மனுவைப் பிரிக்கும் முன்பே வருகிற முதல் கேள்வி: “என்னங்க, லவ் மேட்டரா?” கூலிப் பாக்கி கேட்டதற்கு அடித்திருப்பார்கள். கோயில் திருவிழாவில் தேர் வடம் தொட்டதற்கு அடித்திருப்பார்கள். பைக்கில் தெரு வழியாகப் போனதற்கு அடித்திருப்பார்கள். கேள்வி மட்டும் மாறாது. லவ் மேட்டர் என்று எழுதிக்கொண்டால் பிரச்சினை இரண்டு குடும்பங்களுக்கு நடுவே சுருங்கிவிடும். இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடலாம். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டிய வழக்கு, ஸ்டேஷன் வாசல் பஞ்சாயத்தாகிவிடும்.

இந்தச் சொல்லைச் சினிமா கண்டுபிடித்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சேரி எரிந்தால் அதற்குப் பின்னால் ஒரு காதல் இருக்கும் என்ற பொதுப்புத்தியைச் சினிமா ஊட்டி வளர்த்திருக்கிறது.

காதல் உண்மையிலேயே இருந்த இடத்திலும் இதே கதைதான். 2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர். மூன்று குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. ஒரு திருமணம் அதற்குச் சாக்கு. ஒருவர் திருமணம் செய்துகொண்டதற்கு 250 வீட்டின் பீரோவை ஏன் உடைக்க வேண்டும்? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து, மாடி வீடு கட்டி, பைக் வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். பண்ணை வேலைக்குக் கைகட்டி வர மறுத்தவர்கள். எரிந்தது அந்த முன்னேற்றம். அந்தத் திருமணத்தின் மணமகன் அடுத்த ஆண்டு ஜூலையில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

அதற்குப் பிறகு ‘நாடகக் காதல்’ என்ற சொல் மேடைகளில் முழங்கியது. ஜீன்ஸ் பேன்ட், கூலிங் கிளாஸ் என்று நம் பிள்ளைகளின் உடையைக்கூடக் குற்றமாக்கினார்கள். அந்தப் பிரச்சாரத்தின் அடியில் இருப்பது ஒரே வாதம்: காதலித்தார்கள், அதனால் எரிந்தது. எரித்தவன் காரணம் அல்ல, காதலித்தவன் காரணம். இப்போது ஒரு கொடுமையை எடுத்து, அதில் இல்லாத ஒரு காதலைச் செருகி, அந்தக் காதலால்தான் ஊர் எரிந்தது என்று ஒரு நல்ல மனம் கொண்ட இயக்குநர் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்காக அழுதபடியே அவர் எந்த வாதத்துக்குச் சாட்சி சொல்கிறார்?

அந்தச் சுடுகாட்டுப் பாதைக் காலனியில் இப்போது பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு எரிப்பு நடந்தபோது நான்கு வயதுகூட இருக்காது. தங்கள் ஊரைப் பற்றி அவர்கள் ஆயாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்களா, யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொள்வார்களா? பார்த்த பிறகு, ‘எவனோ ஒருத்தன் காதலிச்சதால நம்ம வீடு போச்சு’ என்று அவர்களே நம்பினால் நாம் என்ன செய்வோம்?

காதல் இருந்தும் காரணம் மாறாத படங்கள்

‘காதல் இல்லாமல் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? இப்படியாவது வரலாறு மக்களுக்குப் போகட்டுமே’ என்று எங்கள் தோழர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. போட்ட பணம் திரும்ப வர வேண்டும், ஓடாத படத்தால் வரலாற்றுக்கும் லாபம் இல்லை.

ஆனால் இதற்கு நம் கண்முன்னே பதில் இருக்கிறது. ‘அசுரன்’ 2019இல் வந்தது. பின்கதையில் சிவசாமிக்கும் மாரியம்மாளுக்கும் காதல் உண்டு, பாட்டும் உண்டு. அவன் அவளுக்கு வாங்கிக் கொடுப்பது ஒரு ஜோடி செருப்பு. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்ததற்காக அவளை அடிக்கிறார்கள். காதல் பரிசும் சாதியும் ஒரே பொருளில் வந்து முட்டிக்கொள்கின்றன. பக்கத்திலேயே பஞ்சமி நிலப் போராட்டம் நடக்கிறது. குடிசைகள் எரியும்போது கீழ்வெண்மணி நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. ஏன் எரிந்தது என்ற கேள்விக்கு அந்தப் படத்தைப் பார்த்த எந்தச் சிறுவனும் ‘காதல்’ என்று பதில் சொல்ல மாட்டான். நிலம் என்பான், செருப்பு என்பான்.

மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024இல் வந்தது. அவர் ஊரில் உண்மையில் நடந்த லாரி விபத்து. அதில் எத்தனை பிரியங்கள்! சிவனைந்தானுக்குப் பூங்கொடி டீச்சர் மேல் இருக்கும் பிள்ளைப் பாசம். அவன் அக்காவுக்கும் கனிக்கும் நடுவே சொல்லாமலே வளரும் காதல், மருதாணி. படம் பார்க்கும்போது சிரித்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டதைப் படம் ஒரு நிமிடம்கூட மறக்கவிடுவதில்லை. அந்த ஒரு ரூபாயைக் கொடுத்த புரோக்கர், அதை வேறு வழியில் மிச்சம் பிடிக்கிறான். ஆட்களுக்குத் தனி வண்டி வைக்காமல் வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரச் சொல்கிறான். லாரி கவிழ்கிறது. எழவு வீட்டில் பசி தாங்காமல் சோற்றைத் தின்ற பையன் அடி வாங்குகிறான்.

அங்கே காதல் செத்தவர்களை மனிதர்களாக நமக்குப் பழக்கிவிட்டது. அவர்கள் ஏன் செத்தார்கள் என்ற காரணத்தை மறைக்கவில்லை. கனியின் காதல் நிறைவேறாமல் போனதற்காக அழுகிறபோதே அந்த ஒரு ரூபாயும் நம் நெஞ்சில் நிற்கிறது. படம் ஓடவும் செய்தது. ஆகவே ‘காதல் இருந்தால்தான் ஓடும்’ என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. காரணத்தைத் தொலைத்தால்தான் ஓடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

இறந்தவர்களுக்கும் உறவினர் உண்டு

உலகம் முழுக்க ஓடிய ‘டைட்டானிக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். 1912இல் சுமார் 1,500 பேர் செத்த விபத்தின் மேல் கட்டிய கற்பனைக் காதல். முதல் வகுப்பில் பத்துக்கு ஆறு பேர் தப்பித்தார்கள், மூன்றாம் வகுப்பில் நாலில் ஒருவர்தான் தப்பித்தார். ஏழைப் பையன் ஜாக்கின் வழியாக அந்த வர்க்க வேற்றுமையை ஓரளவு படமே காட்டுகிறது. ஆனால் அந்தக் கப்பலில் உண்மையில் வேலை பார்த்துச் செத்த மர்டாக் என்ற அதிகாரியை, லஞ்சம் வாங்கியவராகவும் பயணிகளைச் சுட்டவராகவும் படம் காட்டியது. ஸ்காட்லாந்தில் டால்பீட்டி என்ற சின்ன ஊர் அவருடையது. உறவினர்களும் ஊர்க்காரர்களும் விடவில்லை. 1998இல் படத்தைத் தயாரித்த நிறுவனத்தின் உயர் அதிகாரி அந்த ஊருக்கே நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். மர்டாக் பெயரில் இருக்கும் பரிசுக்காக அந்த ஊர்ப் பள்ளிக்கு 5,000 பவுண்டும் கொடுத்தார்.

5,000 பவுண்டு அவர்களுக்குக் காசே இல்லை, தெரியும். ஆனால் 86 ஆண்டுகளுக்கு முன் செத்த ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய உறவினர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு ஹாலிவுட் கம்பெனி ஒத்துக்கொண்டது. நம் சேரிகளைத் திரையில் எரித்தவர்களில் எத்தனை பேர் படம் முடிந்த பிறகு அந்த ஊருக்குத் திரும்பி வந்தார்கள்?

இன்னொரு சங்கதியும் நினைவிருக்கட்டும். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும்கூட விட்டுவைக்கவில்லை. அதை நினைவூட்டிய ‘கர்ணன்’ 2021இல் வந்தபோது, படத்தில் போட்ட ஆண்டு 1997 என்பதால் அது யார் ஆட்சி என்று ஒரு பெரிய சர்ச்சை. கடைசியில் ஆண்டையே பொத்தாம் பொதுவாக மாற்றினார்கள். கட்சிகளுக்கு ஒரு ஆண்டு தப்பாக இருந்தால் உடனே வலிக்கிறது, உடனே திருத்தமும் நடக்கிறது. நம் சாவின் காரணம் தப்பாக இருந்தால் வலிப்பதற்கும் கேட்பதற்கும் நாம் மட்டும்தான் இருக்கிறோம். ஆகவே நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

படம் எடுக்க வருகிறவர்களிடம் நாம் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. காதல் வையுங்கள், பாட்டு வையுங்கள். அரைப்படி நெல்லென்றால் அரைப்படி நெல்லென்றே சொல்லுங்கள், பாதையென்றால் பாதை. இல்லாத காதலைக் காரணமாக வைக்காதீர்கள். ஊரின் பெயரும் ஆண்டும் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். படம் முடிந்ததும், அரசியல்வாதிக்குப் போட்டுக் காட்டும் முன்பு அந்த ஊர் மக்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு வெள்ளைத் திரையும் ஒரு புரொஜெக்டரும் போதும், எங்கள் படிப்பு மையத்திலேயே இடம் இருக்கிறது.

அந்தக் கார் போன மறுவாரம் எங்கள் மையத்துப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் போட்டார்கள். பதினேழு வீட்டுக்கும் நடந்து, எரிந்தது என்னென்ன என்று கேட்டு எழுதினார்கள். தையல் மிஷின் 1. டிவி 1. ரேஷன் அரிசி 20 கிலோ. சைக்கிள் 2. சாதிச் சான்றிதழ். ஆட்டுக்குட்டி 3. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் 1. பன்னிரண்டாவது வீட்டில் ‘கூறைப் புடவை 1’ என்று இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தார்களாம். ரெண்டு பேரும் ஆசைப்பட்டுப் பண்ணிக்கொண்ட கல்யாணம். தேதியைத் தள்ளாமல், கடன் வாங்கிய புடவையில் நடத்தினார்கள்.

உதவி இயக்குநர் தம்பி கேட்ட லவ்வு அங்கேயே இருந்தது. அதைக் கேட்க அவருக்குத் தெரியவில்லை. நோட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. வந்தால் கொடுக்கிறோம். ஆனால் பதினேழு வீட்டையும் படிக்க வேண்டும்.